சேவலுக்குக் கேட்ட விலை

பேங்க்கில் முப்பது வருஷம் கடன் வசூலித்துவிட்டு ரிட்டயர் ஆனேன். ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டில் இனிமேல் காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்துச் சர்ச்சுகளையெல்லாம் நிர்வகிக்கும் திருமண்டலம் விடவில்லை, பொருளாளராக வாருங்கள் என்று கூப்பிட்டது. சம்பளம் கிடையாது, ஊழியம் என்றார்கள். ஊழியம் என்று சொல்லிவிட்டால் எங்கள் ஆட்களால் மறுக்க முடியாது. கேட்பவர்களுக்கு அதில் ஒரு சௌகரியம்.

"உங்க சர்ச்சுலயும் உண்டியல் எண்ணணுமோ?" என்று பக்கத்து ஃபிளாட் மாமி விசாரித்தார்.

"எண்ணுறது சுலபம் மாமி. வாங்குறதுதான் கஷ்டம்" என்றேன்.

ஏற்பாடு என்னவோ எளிமையானதுதான். ஒவ்வொரு சபையும் தன் வருமானத்தில் ஒரு பங்கை மத்திய நிதிக்கு அனுப்ப வேண்டும். கன்டோன்மென்ட்டில் வாசல் நிறையக் கார் நிற்கும் சபையில் போதகராக இருக்கும் ஆயருக்கும், மலையடிவாரத்தில் ஓட்டுக் கூரை ஆலயத்தின் ஆயருக்கும் அந்த நிதியிலிருந்துதான் சம்பளம், அதுவும் ஒரே சம்பளம். இவ்வளவு நியாயமான ஏற்பாட்டை நான் பேங்க்கில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் மூன்று வருஷம் பாக்கி வைத்தால் அந்தச் சபைக்குத் தனி ஆயர் கிடையாது, பக்கத்துச் சபையோடு சேர்த்துவிடுவோம். விதியை எழுதியவள் நான் இல்லை. அதைக் கறாராக நடத்துவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது என்பதை மறைப்பானேன்?

உப்பிலியபுரம் பக்கம் ஒரு சின்னச் சபை மூன்றாவது வருஷத்தைத் தொட்டுவிட்டது. கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டேன். கடைசிக் கடிதத்துக்குப் பதிலாகச் சபையின் செயலாளரே ஒரு நாள் காலையில் திருமண்டல அலுவலகத்தில் வந்து நின்றார். ரிட்டயரான பள்ளி ஆசிரியர், இப்போது சின்ன வெங்காயம் போடுகிறார். கையில் ஒரு பை வெங்காயமும் கொண்டுவந்திருந்தார்.

"ஆயரை மட்டும் எடுத்துடாதீங்கம்மா. முன்னாடி ஆயர் இல்லாம ஏழு வருஷம் கிடந்தோம். ஒரு சாவு விழுந்தா பக்கத்து ஊர் ஆயர் வேலையெல்லாம் முடிச்சுட்டு வர சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் பொணத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருப்போம்."

எனக்கு மனசு இளகியது. வெங்காயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கணக்கைப் பிரித்தேன். கோளாறு உடனே தெரிந்தது. அறுப்பின் பண்டிகை வரவு எக்கச்சக்கம்.

அறுப்பின் பண்டிகைக்குச் சபையார் பூசணி, வாழைத்தார், கோழி என்று விளைந்ததையும் வளர்த்ததையும் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். அங்கே விலைக்கு யாரும் கேட்பதில்லை, வீம்புக்குத்தான் கேட்பார்கள். ஒரு தேங்காய் ஆயிரம் ரூபாய்க்குப் போகும். எடுத்தவர் அதைத் திரும்பவும் ஆலயத்துக்கே கொடுத்துவிடுவார், அதே தேங்காய் மறுபடி ஏலத்துக்கு வரும். பணம் பிறகு வரும், சில சமயம் வராது. இந்தச் செயலாளரோ கேட்ட விலையை எல்லாம் வந்த பணமாக எழுதியிருந்தார். அதன்மேல் நான் பங்கு கணக்குப் போட்டிருக்கிறேன்.

"வராத பணத்தை ஏன் சார் வரவுல எழுதுனீங்க?"

"ஆண்டவர் சமூகத்துல வாய்விட்டுக் கேட்ட விலைங்கம்மா. வராதுன்னு எப்படி எழுதறது?"

நான் பேனாவை எடுத்தேன்.

"சரி, யார் யார் பாக்கின்னு ஒரு லிஸ்ட் கொடுங்க. அதைக் கழிச்சுட்டா உங்க பங்கு பாதிக்கு மேல குறைஞ்சிடும். ஆயரும் உங்களுக்கே இருப்பார்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "லிஸ்ட் மட்டும் வேணாங்கம்மா."

எனக்குக் கோபம் வந்தால் நிதானம் போய்விடும். "உங்களுக்கு ஆயர் வேணுமா, நாலு பேரோட மானம் வேணுமா?"

"நாலு பேர் இல்லைங்க. ஒருத்தர் பேரை மட்டும் விட்டுட்டு மத்ததைத் தரேன்."

"ஒருத்தரையும் விடக் கூடாது" என்றேன், பழைய மேனேஜர் குரலில்.

அவர் தோள்பையிலிருந்து ஏல நோட்டை எடுத்துப் பிரித்து, பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். முதல் பாக்கி: பொருளாளர் அம்மா, சேவல், ஐயாயிரம்.

பொறுப்பேற்ற புதிதில் சிறப்பு விருந்தினராக அங்கே போனது ஞாபகம் வந்தது. எல்லாரும் கைதட்டக் கைதட்ட நானும் விலையை ஏற்றிக்கொண்டே போனேன். சேவலை வாங்கிக் கையில் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, பெருந்தன்மையாகத் திருப்பிக் கொடுத்தேன். "இங்க டவர் இல்லை, போன்ல அப்புறமா அனுப்பிடறேன்" என்று சொல்லிக் காரில் ஏறினேன். துறையூர் வந்தபோது டவர் வந்தது, சேவல் மறந்துவிட்டது. இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவுக்காவது சேவல் கூவி ஞாபகப்படுத்தியது. என் சேவல் அன்றைக்கே யார் வீட்டிலோ குழம்பாகியிருக்கும்.

"நீங்க அனுப்புனதும் தரோம்னு மத்தவங்களும் இருந்துட்டாங்க. அதுலேர்ந்தே ஏலப் பணம் சரியா வர்றதில்லைங்க" என்றார், குற்றம் தன்னுடையது போல.

என் காது சுட்டது. மூன்று வருஷமாக அந்த ஊருக்கு நான் எழுதிய கடிதங்கள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தன. ஒன்றில் 'பொறுப்பின்மை' என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். அவற்றையெல்லாம் இந்த மனிதர் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார், எழுதியவளே முதல் பாக்கி என்று எனக்கு ஒரு வரிகூடப் பதில் எழுதாமல்.

அங்கேயே போனில் பணத்தை அனுப்பினேன். வராத ஏலத்தைக் கழித்துப் பங்கைத் திருத்தினேன், கமிட்டியில் சேவல் விஷயத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். சிரித்தார்கள், சிரிக்கட்டும். சேவல் பணம் வந்துவிட்டது என்ற செய்தி ஊருக்குப் போனதும் மற்றவர்களும் கொடுத்துவிட, மிச்சப் பாக்கியும் தீர்ந்தது.

அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு அழைப்பு வந்தது. கைப்பையில் ரொக்கத்தோடு போனேன். ஒரு பூசணிக்காய் என் பேரில் முடிந்தது. நான் பையைத் திறப்பதற்குள் ஏலம் விட்ட செயலாளர் மைக்கில் சொன்னார்:

"அம்மா மெதுவா அனுப்பலாங்க. இப்ப இங்க டவர் வந்துடுச்சு."

ஆலயமே சிரித்தது. பலமாகச் சிரித்தவர், மாற்றல் ஆகாமல் அங்கேயே இருந்த ஆயர்.