மஞ்சள் கோட்டுக்கு மேலே

புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் ஒரு தட்டு நிறைய வாக்குத்தத்த அட்டைகளைக் கொண்டுவருவார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். கையில் வரும் வசனம்தான் அந்த வருடத்துக்குக் கடவுள் நமக்கென்று சொன்னது. இந்த வருடம் எனக்கு வந்தது, பிள்ளைகள் தங்கள் எல்லைக்குத் திரும்பி வருவார்கள் என்ற வசனம். அங்கேயே அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் அல்லேலூயா சொன்னார்கள்.

எனக்கு ஒரே மகன். மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. அவன் வெளிநாட்டிலும் இல்லை, இதே மாநிலத்தில் சுங்கை ரம்பாயில் மனைவி வீட்டுப் பக்கம் இருக்கிறான். நான் இருக்கும் தங்கா பத்துவிலிருந்து காரில் ஒரு மணி நேரம் பிடிக்கும். கோவிலில் தாலி கட்டினான் என்று நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவிசுவாசிகளோடு பிணைப்பு கூடாது என்ற வசனத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். என் பைபிளில் அதற்கும் மஞ்சள் கோடு உண்டு. கோடு போட்ட வரிகளைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பேன். மற்றவை இருக்கிற இடத்தில் இருக்கும்.

அட்டையை ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினேன். அவன் அறைக்குப் புதுத் திரை போட்டேன். சனிக்கிழமைகளில் செங் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்ததும், இரண்டு பேருக்குச் சமைப்பேன். மறுநாள் அதையே சூடு பண்ணிச் சாப்பிடுவேன். புருஷன் இறந்துபோன பிறகு இந்த வீட்டில் என் குரலை நானே கேட்பது ஜெபத்தில் மட்டும்தான்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, ஆராதனைக்குப் பின் நடந்த வேதபாடத்தில் இந்த அட்டையைப் பற்றிச் சாட்சி சொன்னேன். புதிதாக வந்த பாஸ்டர், என் மகன் வயதுதான் இருக்கும், பொறுமையாகக் கேட்டார்.

"ஆன்ட்டி, இது யாருக்குச் சொன்னதுன்னு பாத்தீங்களா? சிறைபிடிச்சுக் கொண்டுபோன ஜனங்களுக்கு. ஒரு வரிய மட்டும் பிச்சு எடுக்கக்கூடாது லா. மேலயும் கீழயும் படிங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க காலேஜ் படிப்பு எனக்கு வேணாம் பாஸ்டர். இது எனக்குக் கர்த்தர் கொடுத்தது" என்று சொல்லிவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து, அவர் சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகவே அந்த அதிகாரத்தைத் திறந்தேன். என் வரிக்குச் சற்று மேலே, பிள்ளைகளை இழந்த ஒரு தாய் ஆறுதலே வேண்டாம் என்று அழுதுகொண்டிருந்தாள். இத்தனை மாதம் அவளுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தும் நான் எட்டிப் பார்க்கவில்லை. அவள் பிள்ளைகளை யாரோ பிடித்துப் போனார்கள். என் பிள்ளையை யார் பிடித்துப் போனது?

போனை எடுத்தேன். நான் அனுப்பிய வசனம் அப்படியே இருந்தது. விரலால் தள்ளி அதற்கு மேலே போனேன். அவன் எழுதிய நீண்ட செய்தி வந்தது. அன்று கோவில் என்ற சொல்லோடு படிப்பதை நிறுத்தியிருந்தேன்.

"அம்மா, கல்யாணம் கோவில்லதான். நீங்க உள்ள வர வேணாம். சாப்பாடு பக்கத்து ஹால்லதான், அங்க வந்து உக்காந்தா போதும். அதுவும் முடியலன்னா, அன்னைக்கு நான் போன் பண்றப்போ எடுங்கம்மா."

வசனத்துக்குக் கீழே, கல்யாண நாளில், எடுக்காத அழைப்புகள் மூன்று. அன்று போன் என் கையில்தான் இருந்தது. எடுக்காமல் இருப்பதுதான் விசுவாசம் என்று உட்கார்ந்திருந்தேன். அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

அவனை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். மூன்றாவது தடவையும் மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. அன்று அவன் காதிலும் இப்படித்தான் அடித்து ஓய்ந்திருக்கும்.