சேட்டனு சம்சாரம் கிட்டும்

கடந்த ஆண்டு மழைக்காலத்தில், கொச்சி மட்டாஞ்சேரியில் நடந்தது இது. சுக்கும் மிளகும் அடுக்கி வைத்திருக்கும் கிடங்குத் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய ஓட்டு வீட்டை மூன்றாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். நடுப்பகுதியில் என் கணவர் பல வருடங்களாகத் தனியாகக் குடியிருந்தார். பக்கத்து ஹோட்டலில் சமையல் மாஸ்டர். நானும் மகளும் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊரில் இருந்தோம். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் ஊருக்கு வருவார். வந்தால் ஆராதனையில் வேதபாடம் வாசிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரல். அந்தக் குரலில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அந்தக் குரல்தான் போனது. ஒரு நாள் ஹோட்டல் அடுப்படியிலேயே விழுந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் காலும் ஓய்ந்துவிட்டன, வாய் கோணி, பேச்சும் நின்றுவிட்டது. மகளை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு நான் ஒரு பையோடு ரயிலேறினேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவரை அந்த அறைக்குக் கூட்டி வந்தோம். கை காலுக்கான பயிற்சியும் மருந்தும் இங்கேதான், முதல் சில மாதங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள், போன பேச்சு வந்தால் இப்போதுதான் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கி, தெருமுனைக் கிடங்கில் சுக்கு பொறுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். சந்தேகம் எனக்குக் கூடப் பிறந்தது. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். மாத்திரை வாங்கினால் தேதியைப் பார்த்துவிட்டு, கடைக்காரர் முகத்தையும் ஒருமுறை பார்ப்பேன். ஊரில் எனக்கு சி.ஐ.டி. என்றே பெயர்.

இந்த சி.ஐ.டி.யின் கண்ணில் முதல் நாளே பட்டவர் பக்கத்துப் பகுதிச் சேச்சி. நாற்பது வயது இருக்கும். கணவர் இல்லை, வீட்டிலேயே தையல் வேலை. நாங்கள் வந்து இறங்கியதும் கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்தார். அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விட்டு, சரியாகச் சர்க்கரை டப்பாவை எடுத்தார். எனக்குச் சர்க்கரை போட்டுச் சாயா தந்துவிட்டு, அவருக்கு மட்டும் போடாமல் கொடுத்தார். சேட்டனுக்கு மதுரம் வேண்டாம் என்றார். இத்தனை வருடம் குடும்பம் நடத்திய எனக்கு, இவர் சர்க்கரையை விட்ட சங்கதியே தெரியாது. சாயா டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. ஒரு லீவுக்கு அவர் எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவில் வாங்கி வந்த பூப்போட்ட ஃபிளாஸ்க் ஊரில் இருக்கிறதே, அதே மாதிரி ஒன்று சேச்சி வீட்டு அலமாரியில் இருந்தது. நான் வேலைக்குப் போகும்போது திறந்து கிடக்கும் எங்கள் கதவு, மதியம் சோற்றுக்கு வரும்போது சாத்தியிருக்கும். காலையில் நான் விரித்த படுக்கை விரிப்பு சாயங்காலம் வேறாக இருக்கும். நான் வேதாகமத்தில் வைத்துவிட்டுப் போகும் சிவப்பு நாடா இடம் மாறியிருக்கும். அவர் முகத்தைப் பார்த்தால், ஜாடிக்குள் கைவிட்ட பிள்ளையைப் போல வேறெங்கோ பார்ப்பார்.

விசாரிக்கலாம் என்றால், ஒருத்தருக்குப் பேச்சு இல்லை. இன்னொருத்தி பேசுவது எனக்குப் புரியவில்லை. மலையாளத்தில் எனக்குப் பிடிபட்டதெல்லாம் 'பறஞ்ஞு', 'போயி', 'மதி' என்று நாலைந்து வார்த்தைதான். இத்தனை வருடம் தனியாக இருந்த மனுஷன். இங்கே என்ன நடந்தது, யாருக்குத் தெரியும்? நெருப்பில்லாமல் புகையுமா என்று மனசு குடைந்துகொண்டே இருந்தது. அழுகையும் வந்தது. படுத்துக் கிடக்கிற மனுஷன் மேல் கோபப்படுகிறோமே என்று என் மேலேயே வெறுப்பாகவும் இருந்தது.

ஒரு நாள் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் சேச்சி போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். வேகமாகப் பேசியதில் ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி நிதானமாகச் சொன்னது மட்டும் காதில் தெளிவாக விழுந்தது.

"சேட்டனு வேகம் சம்சாரம் கிட்டும். அக்கா இப்போ அறியண்டா."

இதற்கு மலையாளம் தெரிய வேண்டுமா? எல்லாமே தமிழ் போலத்தானே இருக்கிறது. சேட்டனுக்குச் சீக்கிரம் சம்சாரம் கிடைக்கும், அக்கா இப்போது அறிய வேண்டாம். அக்கா என்று அவர் கூப்பிடுவது என்னை. சம்சாரம் என்றால் என்ன என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சோப்பு கையிலிருந்து நழுவிச் சாக்கடையில் விழுந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வழி தெரியாமல் தவிக்கும்போது ஜெபம் செய்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து விரலை வைப்போம். விரல் பட்ட வசனம்தான் ஆண்டவர் தரும் பதில். வேதம் என்ன கிளி ஜோசியமா என்று எங்கள் போதகர் பிரசங்கத்திலேயே திட்டியிருக்கிறார். திட்டினால் என்ன, அவசரத்துக்கு அதுதானே கைகொடுக்கிறது. அன்றும் அப்படித்தான் செய்தேன். விரல் சங்கீதத்தில் ஓர் இடத்தில் போய் நின்றது. தன் அப்பத்தைத் தின்ற நெருங்கிய சிநேகிதனே தன்னை உதைக்கக் காலைத் தூக்கினான் என்று ராஜா புலம்புகிற இடம்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆண்டவரே சாட்சி சொல்லிவிட்டார், இனி என்ன யோசனை? தம்பிக்குப் போன் செய்து, சனிக்கிழமை வேன் கொண்டு வா, அத்தானை ஊருக்குக் கூட்டிப் போய்விடலாம் என்றேன். பயிற்சி என்ன ஆகும், பேச்சு வரும் என்கிறார்களே என்று தம்பி கேட்டான். பேச்சு வராவிட்டால் போகட்டும், ஆள் எனக்கு மிஞ்ச வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவருடைய பேச்சு என் கையில் இருக்கிறது, அதை நான் தூக்கிப் போடுகிறேன் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை.

ஆனாலும் கையும் களவுமாகப் பிடிக்காமல் போனால் நான் என்ன சி.ஐ.டி.? வெள்ளிக்கிழமை தலைவலி என்று சொல்லிவிட்டு, கிடங்கிலிருந்து சீக்கிரமே கிளம்பினேன். நல்ல மழை. செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் வந்து கதவருகே நின்றேன். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை.

உள்ளே சேச்சி நிறுத்தி நிறுத்தி ஏதோ சொல்வது கேட்டது. அடுத்து ஓர் ஆண் குரல். குழறலாக, அடித்தொண்டையிலிருந்து வந்தது. அது என் வீட்டுக்காரர் குரல் இல்லை. அப்படியானால் உள்ளே மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறான். கதவை ஓங்கித் தள்ளினேன்.

உள்ளே இரண்டு பேர்தான் இருந்தார்கள். என் கணவர் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். மடியில் எங்கள் வேதாகமம். இடது கை விரல் ஒரு வரியின் மேல் இருந்தது. எதிரே ஸ்டூலில் சேச்சி, அவர் மடியில் மலையாள வேதாகமம். காலடியில் ஒரு வாளி, அதில் நனைந்த படுக்கை விரிப்பு. அந்தக் குழறல் குரல் அவருடையதுதான். எனக்குத்தான் அடையாளம் தெரியவில்லை.

ஆனால் நான் வந்த வேகம் அப்படி நிற்குமா? "யாருக்குச் சம்சாரம்? இந்த வீட்டில யாருக்குச் சம்சாரம் வரப்போகுது?" என்று கத்திவிட்டேன்.

சேச்சிக்கு என் கோபம் புரியவில்லை, ஒரு வார்த்தை மட்டும் புரிந்திருக்கிறது. முகமெல்லாம் மலர எழுந்தார். "அதே அக்கா. சேட்டனு சம்சாரம் வந்நு."

நான் அவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்த என் கணவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. தோள் குலுங்கியது. வியாதி வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். இடது கையால் தன் வாயைத் தொட்டு, "பே... ச்சு" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "சம்சாரம்... பேச்சு" என்றார். பிறகு என்னைக் காட்டி, "நீ... இல்ல" என்று தலையை ஆட்டினார்.

மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமா, சந்தோஷமா, எது முன்னால் வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

மீதியைச் சைகையும் அரைகுறைத் தமிழுமாக அவர்கள் சொன்னார்கள். ஒரு நாள் நான் இல்லாதபோது சேச்சி கட்டிலருகே நின்று ஜெபம் சொல்லியிருக்கிறார். முடிவில் இவர் வாயிலிருந்து ஆமென் என்று தெளிவாக வந்திருக்கிறது. சேச்சியின் அப்பாவுக்கும் இதே வியாதி வந்து, மனப்பாடமான ஜெபங்களைச் சொல்லிச் சொல்லித்தான் பேச்சு திரும்பியதாம். அதனால் விடவில்லை. சேச்சி போனில் பேசியது நர்ஸாக இருக்கும் தன் சொந்த அக்காவிடம். அதிகாரத்தையும் வசனத்தையும் இவர் விரலால் காட்டுவார், எண்ணுக்கு ஏது பாஷை? சேச்சி மலையாளத்தில் நிதானமாக வாசிப்பார், சின்ன வயதிலிருந்து மனதில் கிடந்த அதே வசனத்தை இவர் தமிழில் இழுத்து இழுத்துச் சொல்வார். என்னிடம் சொல்ல வேண்டாம் என்றது இவர்தான். ஆஸ்பத்திரியில் இவர் வாயைத் திறக்கும்போதெல்லாம், நான் பாதியிலேயே புகுந்து மீதியைச் சொல்லிவிடுவேனாம். ஒரு வசனத்தையாவது முழுசாகச் சொல்லிவிட்டு என் முன்னால் வர நினைத்திருக்கிறார். விரிப்பு மாறியதற்கும் காரணம் இருந்தது. நான் வரும்வரை ஈரத்தில் கிடந்து கூச வேண்டாம் என்று சேச்சி மாற்றியிருக்கிறார். ஃபிளாஸ்க்கும், எந்தக் கடையில் மலிவு என்று சேச்சி சொல்லித்தான் இவர் வாங்கினாராம். சர்க்கரை சங்கதியும் பல வருட அக்கம்பக்கத்துப் பழக்கத்தில் தெரிந்ததுதானாம்.

என் கணவர் மடியில் திறந்திருந்த பக்கத்தை அப்போதுதான் பார்த்தேன். என் விரல் பட்ட அதே சங்கீதம். தினமும் அந்த இடத்தில் நாடாவை வைத்து வாசித்ததால், அன்றைக்குப் புத்தகம் தானாகவே அங்கே திறந்திருக்கிறது. நான் பார்த்தது கீழே உள்ள ஒரு வரி. மேலே, எளியவனை நினைத்துப் பார்க்கிறவன் பாக்கியவான் என்று தொடங்குகிறது. வியாதியில் கிடக்கிறவனை ஆண்டவரே தாங்கி, அவன் படுக்கையை மாற்றிப் போடுவார் என்று போகிறது. அந்தப் பகுதியைத்தான் அவர் தேர்ந்தெடுத்து, வாளியிலிருந்த விரிப்பையும் சேச்சியையும் காட்டி வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவரால் சொல்ல முடிந்த நன்றி அதுதான்.

வேன் வேண்டாம் என்று தம்பிக்குச் சொன்னேன். இப்போது அவருக்குப் பேச்சு முக்கால்வாசி வந்துவிட்டது, வலது கைதான் இன்னும் ஒத்துழைக்கவில்லை. பேச்சு வந்ததும் முதல் வேலையாகச் சேச்சியிடம் என்னைக் காட்டிக்கொடுத்தார். என் சந்தேகம் முழுவதையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். சேச்சி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நாள் என்னைச் சம்சாரம் என்றே கூப்பிட்டார்.

மீனின் செவுளை நான் இன்னும் தூக்கித்தான் பார்க்கிறேன். ஆனால் மனம் கலங்கி வேதத்தைத் திறக்கும் நாட்களில், விரலை வைக்கும் முன் எனக்குள் ஒரு நடுக்கம் வருகிறது. தேடுகிறவனுக்குக் கிடைக்கும் என்பது சத்தியமான வார்த்தை, நான் அன்று சந்தேகத்தைத் தேடினேன், எனக்கு அதுவே கிடைத்தது, அதே பக்கத்தில் நம்பிக்கையைத் தேடிய அவருக்குப் பேச்சு கிடைத்தது.