தண்ணி வார்க்காத பாய்லர்

தென்னை மட்டையடியில் வலைபோல இருக்கும் பன்னாடை, காய்ந்து தீப்பிடிக்கும்போது ஒரு வாசம் வரும். மூக்கை லேசாக உறுத்தி, தொண்டையில் இறங்கி, எங்கிருந்தோ ஒரு பசியைக் கிளப்பிவிடும். பொள்ளாச்சி ரோட்டில் ஏதாவது தோப்போரம் யாராவது சருகு கொளுத்தினால் போதும், வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொள்ளட்டும். இந்தக் கிறுக்கு, சிறுவயதில் பழனிக்கு நடந்துபோன ஒரு தை மாதத்தில் எனக்குப் பிடித்தது.

நடை என்னுடைய வேண்டுதல் அல்ல, அத்தையுடையது. அப்பாவின் அக்கா. அதற்கு முந்தைய ஆடியில் மாமாவை, அதாவது அத்தையின் வீட்டுக்காரரை, அவிநாசி ரோட்டில் ஒரு லாரி தட்டிவிட்டுப் போய்விட்டது. அவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது, "இவரு எந்திரிச்சுட்டா நடந்தே வாரேன் முருகா" என்று அத்தை சொல்லிவிட்டார். மாமா எழுந்துவிட்டார். இனி அத்தை நடக்க வேண்டும். ஆனால் அத்தைக்கு "எளப்பு" உண்டு. பனிக்காலத்தில் பச்சைத் தண்ணீர் தொண்டையில் இறங்கினால் போதும், நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். வழியில் டீக்கடையில் சுடுதண்ணீர் வாங்கிக் குடிக்கலாமே என்றால், விரதம் இருக்கும்போது கடைத் தண்ணீர் வாயில் படக்கூடாது என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். மாமாவுக்கு இந்த நடையே பிடிக்கவில்லை. "நாந்தான் முழுசா வந்துட்டனே அம்மணி, அப்பறம் நீ எதுக்கு மூச்சடச்சுச் சாவோணும்?" என்று தினமும் சண்டை.

சண்டையைத் தீர்க்க அப்பா ஒரு சாமான் செய்தார். அப்பா பம்பு செட் கம்பெனியில் ஃபிட்டர். கையில் ஒரு தகரத் துண்டு கிடைத்தால் சோறு தண்ணீர் மறந்துபோகிற ஆள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் குளிக்கத் தண்ணீர் காய்ச்ச ஒரு செம்புப் பாய்லர் இருக்கும். நடுவில் குழாய், அதில் தீ, குழாயைச் சுற்றித் தண்ணீர். அதையே அப்பா ஒரு சமையல் எண்ணெய் டின்னில் சின்னதாகச் செய்துவிட்டார். டின்னுக்குள் ஒரு தகரக் குழாயை நிறுத்தி, மூட்டெல்லாம் வெள்ளீயம் வைத்துப் பற்றவைத்து, மேலே ஒரு மூக்கும் கம்பிப் பிடியும். தூக்கிப் பார்த்தால் காலி டிபன் பாக்ஸ் கனம்தான். அடியில் பன்னாடையையும் சுள்ளியையும் செருகி ஒரு தீக்குச்சி கிழித்தால், குழாய் வழியாகப் புகை மேலே போய்க்கொண்டிருக்கும்போதே தண்ணீர் தளதளவென்று கொதித்துவிடும். "நடைபாய்லர்" என்று அப்பா பெயர் வைத்தார். பாய்லர் வேலை செய்கிறவரை அக்கா நடக்கட்டும், ஒருதரம் மூச்சு இளைத்தாலும் அந்த இடத்திலேயே பஸ் ஏற்றிவிடுவேன் என்று பஞ்சாயத்தும் அவரே பேசி முடித்தார். அத்தை, மாமா, அப்பா, நான் என்று நாலு பேரும் கிளம்பினோம்.

கிணத்துக்கடவில் முதல்முறை பற்றவைத்தபோது, நடந்து வந்த கூட்டம் முழுக்கச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. ஏனுங்க, எங்கீங்க வாங்குனீங்க என்று கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா முதலிலிருந்து கதை சொன்னார். அத்தை டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஊதி ஊதிக் குடித்தார். பொள்ளாச்சி தாண்டும்வரை நெஞ்சில் ஒரு சத்தமில்லை. மாமா மட்டும் அந்த டின்னை, தன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிற விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவில், வாய்க்கால் ஓரத் தோப்பு ஒன்றில் காலையில் இறங்கினோம். பக்கத்து மோட்டார் கொட்டகையில் யாரோ பம்பைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்தபிறகு அப்பாவின் கால் தரையில் நிற்குமா? போகிறபோக்கில், "மச்சான், தண்ணி வாத்துப்போட்டுப் பத்த வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பாத்திரத்தில் ஊற்றுவதும் வார்ப்பதுதான், குளிப்பதும் தண்ணி வார்த்துக்கொள்வதுதான். மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தார். தலை சொட்டச் சொட்டத் திரும்பி வந்து, பக்தியாகக் கும்பிட்டுவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத பாய்லரில் பன்னாடையைத் திணித்துப் பற்றவைத்தார்.

வெள்ளீயத்துக்குத் தண்ணீர் இருக்கும்வரைதான் தைரியம். மூட்டெல்லாம் உருகி வெள்ளி வெள்ளியாக மண்ணில் சொட்டியது. குழாய் ஒருபக்கம் சாய்ந்தது, மூக்கு கழன்று விழுந்தது. நான் போட்ட கூச்சலில் அப்பா ஓடி வந்தார். எங்கள் ஊரில் அக்கா புருஷனைத் திட்டுவதாக இருந்தாலும் மரியாதையோடுதான் திட்ட வேண்டும். "ஏனுங்க மச்சான், டின்னுக்குத் தண்ணி வாக்கச் சொன்னா, நீங்க போயி உங்களுக்கு வாத்துட்டு வந்திருக்கீங்களே!"

தோப்பே சிரித்தது. அப்பாவுக்கும் கோபத்தின் நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. மாமா தலையைத் துவட்டிக்கொண்டே, "செரி உடுங்க மாப்ள, பஸ்ஸே ஏறிக்கலாம்" என்றார்.

அத்தை சிரிக்கவில்லை. எழுந்து கொண்டையை இறுக்கி முடிந்தார். என் தோளிலிருந்த பாட்டிலை வாங்கி, எல்லார் முன்னாலும் பச்சைத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார். "பஸ்ஸுல போறவங்க போங்க" என்று சொல்லிவிட்டு ரோட்டில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஐயோ, அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. வழி தெரியாவிட்டால் ஊரைச் சுற்றுவாரே தவிர ஒருத்தரிடம் வாய் திறந்து கேட்காத மனிதர், சொம்பைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினார், லாரி தட்டிய காலை இழுத்து இழுத்து. சாலையோரம் இருந்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவர் குரல் கேட்டது. "ஏனுங்க, ஒரு சொம்பு சுடுதண்ணி கெடைக்குங்களா? ஊட்டுக்காரிக்குங்க, நடந்து வாராளுங்க." வீட்டுத் தண்ணீர் என்பதால் அத்தையும் மறுக்கவில்லை. மடத்துக்குளத்தில் ஒருதரம் நெஞ்சு விசில் அடித்தது. அப்பா அது காதில் விழாதவர்போல அந்தப் பக்கம் திரும்பி வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா ஆவி பறக்கும் சொம்போடு வந்து சேர்ந்தார். அத்தை பழனிப் படியை நடந்தே ஏறினார்.

அதன்பிறகு எங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எதுவும் இந்தக் கதை இல்லாமல் நடந்ததில்லை. டின்னுக்கு வார்க்கச் சொன்னால் தனக்கு வார்த்துக்கொண்ட மனுஷன் என்று சொல்லிச் சிரிப்போம், மாமாவும் வெட்கமாகச் சிரிப்பார். இப்போது அந்தச் சாலையில் அடிக்கு ஒரு பேக்கரி. நடந்து போகிறவர்கள் முதுகுப் பையில் பிளாஸ்க் இருக்கிறது, யாரும் யார் வாசலிலும் சுடுதண்ணீர் கேட்டு நிற்பதில்லை. கேட்ட மனிதரும் போன ஐப்பசியில் போய்விட்டார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் நான் அதே கதையைச் சொன்னேன். எல்லோரும் போனபிறகு அத்தை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு அவரு தண்ணியே வாத்துக்கல கண்ணு. தலைய மட்டும் நனச்சுட்டு வந்தாரு. காலைல முதுகுல நான் பூசி உட்ட திருநீறு ஒரு கோடு கலையாம இருந்துச்சு. நான் நடக்கக்கூடாதுன்னு வேணும்னேதான் எரிச்சுப்போட்டாரு."

அன்றைக்கே ஏன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அத்தையைக் கேட்டேன்.

"கேட்டிருந்தா கூசிப்போயிருப்பாரு கண்ணு. அடுத்த ஊட்டு வாசல்ல போயி எனக்காகத் தண்ணி கேக்க அவருக்கு வாய் வந்திருக்காது."