படிக்கட்டில் நின்ற கலியாணம்

என் மாப்பிள்ளை, வீட்டார் பார்த்த மாப்பிள்ளை இல்லை, நானே பார்த்தது. பிறந்தது பிரெஞ்சு பேசும் கியூபெக்கில், கும்பிடுவது பழைய எகிப்தின் தெய்வங்களை. கெமட்டிய சமயம் என்பார்கள். எங்கள் சொந்தக்காரர் ஒரே வாரத்தில் அவருக்கு ‘மம்மி மாப்பிள்ளை’ என்று பட்டம் கட்டிவிட்டார்கள். எனக்கு அதுவும் சிரிப்பாகத்தான் இருந்தது. அந்த நாட்களில் மெட்ரோவில் தனியாக நின்றுகூடச் சிரித்தேன்.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “தாலி இல்லை, ஐயர் இல்லை, இதென்ன கலியாணம்?”

பழைய எகிப்தில் கலியாணச் சடங்கு என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லையாம். பெண் சட்டி பானையோடு மாப்பிள்ளை வீட்டுக்குள் போனால் சரி. ‘வீடு தொடங்குதல்’ என்று அதற்குப் பெயர். மீதியை இன்றைக்குக் கும்பிடுகிறவர்கள் தாங்களே சேர்த்துக்கொள்கிறார்கள். எங்கள் கலியாணத்துக்கு அவர் சேர்த்தவை: வாசலில் தண்ணீர் வார்ப்பது, தெய்வத்துக்குப் பாண் ரொட்டியும் பியரும் படைப்பது, உண்மையின் தெய்வமான மாஅத்துக்குரிய தீக்கோழி இறகைப் பிடித்து ஆளுக்கொரு உண்மை சொல்வது.

“சாமிக்குப் பியரோ? நல்ல சமயம்,” என்று அப்பா அன்றைக்கே கட்சி மாறிவிட்டார். அம்மா மட்டும், “வந்து நிப்பன். ஏதும் பிழையாய்ப் பட்டால் வாசலைத் தாண்ட மாட்டன்,” என்றார். அம்மா தாண்டாத வாசலை நான் எப்படித் தாண்டுவது? எனக்கிருந்த ஒரே பயம் அதுதான்.

வில்லரே என்ற பகுதியில் மாப்பிள்ளையின் வீடு மேல்மாடியில். தெருவிலிருந்து வளைந்து ஏறும் ஒடுக்கமான இரும்புப் படிக்கட்டு. முன்னால் நான் தலையணையோடு, பின்னால் அம்மா இடியப்ப உரலோடு, அப்பா ரைஸ் குக்கரோடு, அதற்குப் பின்னால் சட்டி தூக்கிய சொந்தபந்தம். போகிற கார்களெல்லாம் ஹார்ன் அடித்து வாழ்த்தின. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மேலே செம்போடு நின்ற அவர் கண் கலங்கிப் பிரெஞ்சில் சொன்னார்: “மா சேர், வா, வீடு தொடங்குவோம்.”

அம்மா கார்டெரி என்கிற பிரெஞ்சுக் குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளை பார்க்கிறவர். ‘மா சேர்’ என்றால் ‘என் சகோதரி’ என்று அவருக்கு நன்றாகத் தெரியும். உரலை மடியில் வைத்துக்கொண்டு நடுப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“உன்னைச் சகோதரி எண்டெல்லோ சொல்லுறான்! தங்கச்சி எண்ட வாயாலை ஆரும் கலியாணம் கட்டுவினமோ? திருப்புங்கோ சாமானை!”

பழைய எகிப்தில் காதலர்கள் ஒருவரையொருவர் அண்ணன், தங்கை என்றுதான் கொஞ்சினார்கள். ஆயிரம் விளக்கம் சொன்ன நான் இதைச் சொல்ல மறந்துபோனேன். இப்போது சொன்னேன்.

“கொஞ்சிறதுக்கு வேறை சொல்லே கிடைக்கேல்லை?” என்றார் அம்மா. பின்னால் சட்டிகள் ஒன்றோடொன்று முட்டின. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர், அம்மா பக்தியில் உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்து, இறகைக் கொண்டுவந்து நீட்டினார். அம்மா முகத்தைத் திருப்பினார். அப்பா குக்கரைப் படியில் வைத்துவிட்டு எட்டி வாங்கிக்கொண்டார்.

“இது கையிலை இருந்தால் பொய் சொல்லக்கூடாதாம். இஞ்சேரும், கலியாணத்துக்கு முதல் நீர் என்னை என்னெண்டு கூப்பிட்டனீர்?”

அம்மா உரலுக்குள் பார்த்தார். அப்பாவே பதிலும் சொன்னார்.

“பக்கத்து வளவு அண்ணை எண்டு. கலியாணம் பேச வந்த அண்டைக்கும் ‘அண்ணை, தேத்தண்ணி’ எண்டெல்லோ நீட்டினனீர்!”

“அது... ஊரிலை எல்லாரையும் அப்பிடித்தானே கூப்பிடுறது!” அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. கீழ்ப்படிவரை சிரிப்பு உருண்டு போனது. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும், எங்களுக்கும் அதே வழக்கம்தான் என்று நினைத்து மாப்பிள்ளை கும்பிட்டார்.

அம்மா சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “வலக்காலை வைச்சுப் போடி,” என்று என் முதுகில் தள்ளினார். நான் உள்ளே போனேன். உரலோடு அவரும் வந்தார்.

‘இஞ்சேருங்கோ’ என்பதைத் தவிர அம்மா அப்பாவை வேறு எப்படியும் அழைத்து நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு வாசலைத் தாண்டி நின்று, படிக்கட்டைத் திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டார்:

“அண்ணை, குக்கரைக் கொண்டு வாங்கோ!”

கையில் இறகோடு அப்பா அப்படியே நின்றார். பிறகு, “ஓம், வாறன்,” என்று இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். குக்கர் படியிலேயே கிடந்தது.