மூன்று நாள் மழைக்குப் பதில்

கருங்கல் சந்திப்பில் என் கடையில் ஒருவரிடம் சோலார் பலகையின் பெருமையை அளந்துகொண்டிருந்தபோது எங்கள் ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டியார் போன் செய்தார். ஞானதாஸ் சார் காலையில் போய்விட்டார், மணியடிக்கட்டுமா என்று கேட்டார். அடியுங்கள் என்றேன். கடையை அடைக்கும்போது துக்கத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் வாதம் இன்னும் முடியவில்லை.

நம் சபையாருக்கு அந்த வாதம் தெரியும். ஞானதாஸ் மின்வாரியத்தில் துணைமின்நிலைய ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் அள்ளிக் கொடுப்பதையும், காற்று ஓய்ந்ததும் மீட்டர் முள் படுத்துவிடுவதையும் அன்றாடம் பார்த்தவர். நம் ஊரில் முதலில் வீட்டு மாடியில் சோலார் போட்டவரும் அவரே. அதனால் ஆலயத்துக்குச் சோலார் வந்ததும், பழைய டீசல் ஜெனரேட்டரை அறுப்பின் பண்டிகை ஏலத்தில் தள்ளிவிடலாம் என்று சபைக் கூட்டத்தில் செயலாளரான நான் சொன்னபோது, அவர் என் பக்கம்தான் நிற்பார் என்று நம்பினேன். அவர் எழுந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"கார்த்திகையில மூணு நாள் விடாம மழை பெய்தா என்ன செய்வியோ? அதுக்குப் பதில் சொல்லிட்டு வித்துக்கிடுங்க."

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆகவே கிண்டல் செய்தேன், ஓய்வு பெற்றும் மின்வாரியப் புத்தி போகவில்லை என்று. கூட்டம் சிரித்தது. தீர்மானம் நிறைவேறியது.

பண்டிகையன்று வாழைக்குலைக்கும் சேவலுக்கும் பிறகு ஜெனரேட்டர் ஏலத்துக்கு வந்தது. விடாமல் கேட்டு அதை எடுத்தவர் ஞானதாஸ். எடுத்த பொருளை ஆலயத்துக்கே திரும்பக் காணிக்கையாகக் கொடுப்பது நம் வழக்கம்தானே. அவர் அங்கேயே கொடுத்துவிட்டார். மறுபடி ஏலம் போடக் கூடாது என்று போதகரிடம் சொல்லியும் வைத்தார். காணிக்கையை யார் மறுக்க முடியும்?

அடுத்த மழைக்காலத்தில் புயல் வந்து மின்கம்பங்கள் சாய்ந்தன. ஆக்சிஜன் மிஷினில் இருந்த என் அம்மாவை, சோலார் இருந்த ஆலய ஹாலுக்குத் தூக்கிவந்தோம். வெயில் முகமே காட்டவில்லை. இரண்டாம் நாள் மதியம் ஆலயத்துக்கு நான் விற்ற பேட்டரிகள் இறங்கத் தொடங்கின. ஞானதாஸ் நனைந்தபடி வந்து, மின்விசிறிகளையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு, பின்கொட்டகையில் ஜெனரேட்டரைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பினார். அம்மாவின் மிஷின் நிற்கவில்லை. என்னை ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. அதுதான் என்னைக் குத்தியது.

நான்காம் நாள் வெயில் எட்டிப் பார்த்ததும் ஜெனரேட்டரை முதலில் நிறுத்தியவரும் அவர்தான்.

"இந்தப் புகை அம்மைக்கு ஆகாது மக்கா. நாளைக்கு உள்ளது சோலார்தான். ஆனா அதுவரைக்கும் ஆளு உயிரோட இருக்கணும்லா. பேட்டரி மூணு நாளு தாங்கட்டும், இதை நானே ஏலத்துக்குக் கொண்டு வாறேன்."

அம்மா அதற்குப் பிறகு இரண்டு கிறிஸ்துமஸ் பார்த்தார்.

சென்ற ஆண்டு ஆலயத்துக்குப் பெரிய பேட்டரிகள் வந்தன. அவரை அடக்கம் செய்த மறுவாரம் அடைமழை பிடித்து, கரண்டும் போனது. முதல் நாள் தாங்கியது. இரண்டாம் நாளும் தாங்கியது. மூன்றாம் நாள் காலையில் விளக்குகள் மங்கின. நான் கொட்டகைக்குப் போய், அவர் கை பட்டுத் தேய்ந்த கைப்பிடியை எடுத்து முதன்முறையாகச் சுற்றினேன்.

போன வாரக் கூட்டத்தில் இளைஞர்கள் ஜெனரேட்டரை விற்கச் சொன்னார்கள். எழுந்து அந்த மூன்று நாள் மழையைப் பற்றிக் கேட்டவன் நான். கேட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் அவர் உட்காரும் இடத்தைப் பார்த்தேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தக் கேள்வியும் அந்தக் கைப்பிடியும். இரண்டுமே எனக்கு நெடுநாள் தேவைப்படாது. பேட்டரி இரண்டு நாள் தாங்கிவிட்டது, ஞானதாஸ் சார். இன்னும் ஒரு நாள் தாங்கினால் போதும். அன்றைக்கு ஜெனரேட்டரை ஏலத்துக்கு நான் கொண்டுவருகிறேன்.