என் நெஞ்சுக்குள் அறுந்த லைன்

ரத்தோட்டை வீதியில் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றுகிறவன் யார் என்று கேட்டால் என்னைத்தான் காட்டுவார்கள். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனால் மிளகு மில்லோ, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலை ஃபெக்டரியோ, எங்கிருந்து வந்தாலும் என் கைக்கு வந்த எரிந்த மோட்டார் ஓடாமல் திரும்பிப் போனதில்லை. ஓடுகிற மோட்டார் மேல் நெஞ்சைச் சாய்த்து, ஸ்க்ரூ டிரைவர் முனையை அதில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பேன். என்ன கோளாறு என்று அதுவே சொல்லிவிடும்.

போன வருஷம் ஒரு நாள் என் நாடியைப் பிடித்துக் கடைக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு. பெருமை தாங்கவில்லை எனக்கு. மெதுவாக ஓடுகிற மோட்டார் சூடாகாது, தேயாது, இன்னும் ஐம்பது வருஷம் ஓடும் என்று தேநீர்க் கடையில் எல்லோருக்கும் சொன்னேன். படியேறும்போது கண் இருட்டியதை மட்டும் சொல்லவில்லை. பிறகு ஒரு காலையில், செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். பார்த்த டொக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வாய் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"ஊரு மோட்டாரெல்லாம் இவரு காதுல கேக்குதுங்க. சொந்த மோட்டார் நிக்கப் போறது மட்டும் கேக்கல."

டொக்டரம்மா சிரித்துவிட்டு, என் இதயப் பம்பில் ஒரு குறையும் இல்லை என்றார். மேலே வலது அறையில் ஒரு சின்ன இடம் தானாகவே கரண்ட் உண்டாக்குகிறதாம். அது நடுவில் ஒரு சந்தி வழியாகக் கீழ் அறைகளுக்கு இறங்கினால்தான் அவை சரியான வேகத்தில் அடிக்கும். எனக்கு அந்த வழி அறுந்துபோயிருந்தது. கீழ் அறைகள் தாமாகவே மெதுவாக அடித்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தன.

மூளை சொல்லித்தான் இதயம் அடிக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். மூளையிலிருந்து வரும் நரம்புகளில் ஒன்று வேகத்தைக் கூட்டும், இன்னொன்று குறைக்கும். இதயம் ஓடுவது அதன் சொந்தக் கரண்டில். கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் நான் செய்த வேலை என் நெஞ்சுக்குள்ளேயே நடந்திருக்கிறது!

தோளுக்குக் கீழே ஒரு சிறு பெட்டரிப் பெட்டி வைத்து, அதிலிருந்து இதயத்துக்கு வயர் இழுக்க வேண்டும் என்றார். கடையை மூடிவிடலாம் என்றாள் மனைவி. கரண்ட் பக்கமே இனிப் போகக்கூடாது என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்கு உயிர் பயத்தைவிடத் தொழில் போய்விடும் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

"மோட்டாரத் தொடலாமா கூடாதா, அத மட்டும் சொல்லுங்க டொக்டர். கூடாதுன்னா எனக்கு இந்தப் பெட்டி வேணாம்."

"வெல்டிங்கை விட்டிடுங்கோ ஐயா. ஓடுற மோட்டரை நெஞ்சோட அணைக்காதேங்கோ. கை எட்டுற தூரத்தில வைச்சுச் செய்யுங்கோ, காணும்."

எனக்கும் அது போதும். உடனே சம்மதித்தேன். மரத்துப்போக ஊசி போட்டார்கள், ஆனால் நினைவோடுதான் இருந்தேன். ரத்தக் குழாய்க்குள் வயர் போவதைத் திரையில் பார்த்தேன். அவ்வளவு மெல்லிய வயரை அவ்வளவு சுத்தமாக நான்கூட இழுத்ததில்லை. என்னைவிட நன்றாக வயர் இழுப்பவர் என்று வேறு யாரையும் நான் ஒப்புக்கொண்டதில்லை. பெட்டியை முடுக்கியதும் தலையிலிருந்த பாரம் இறங்கியது. அறுபதில் அடிக்கிறது என்றார்கள்.

காயம் ஆறியதும் கடைக்கு வந்து முதலில் ஒரு இரும்புக் கம்பி வெட்டினேன். என் கை நீளம், மரப்பிடி. தள்ளி நின்று அதன் முனையை ஓடுகிற மோட்டாரில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டேன். பழைய ஸ்க்ரூ டிரைவரைவிடத் தெளிவாகக் கேட்டது.

பின்னால் வந்து நின்ற மனைவி, மேசையிலிருந்த டேப்பை எடுத்து, மோட்டாரிலிருந்து என் நெஞ்சு வரை அளந்து பார்த்துவிட்டுத்தான் தேநீரை நீட்டினாள்.