பாக் நயானின் பல்செட்டும் ஊரின் தீர்ப்பும்

பேராக் ஆற்றங்கரையில் இருக்கும் அந்த மலாய்க் கிராமத்தில், அதாவது கம்பத்தில், 'செம்புர்' என்று ஒரு சொல் புழங்கும். யானை தும்பிக்கையால் தண்ணீரைப் பீய்ச்சினால் செம்புர். நாகம் விஷத்தை உமிழ்ந்தால் செம்புர். குழாய் உடைந்து தண்ணீர் பீறிட்டால் செம்புர். பெண்டாட்டி புருஷனை வாசலில் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினால் அதுவும் செம்புர்தான். உள்ளே இருப்பது எதுவானாலும் சரி, அடங்கமாட்டாமல் விசையோடு வெளியே வந்து எதிரில் இருப்பவன் முகத்தில் அடிக்க வேண்டும். வேறு எதுவும் சொல்லாமல் "செம்புர் வேணும்" என்று மட்டும் கேட்டால், ஊரார் பாக் நயான் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். பாக் என்பது வயதில் மூத்தவரை மரியாதையாக அழைக்கும் சொல்.

நயான் காலையில் ரப்பர் பால்மரம் சீவுவார், சாயங்காலம் வைத்தியம் பார்ப்பார். அக்கி வந்தவர்கள், எதையோ பார்த்துப் பயந்தவர்கள், விடாமல் அழும் குழந்தைகள் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். வெற்றிலையை மென்று, கண்ணை மூடி ஓதி, ஒரு வாய் தண்ணீரை நிறைத்துக்கொள்வார். கன்னம் இரண்டும் கத்தும் தவளையின் தொண்டை மாதிரி உப்பும். பிறகு ஒரு 'புர்ர்ர்'. ஒரு சொட்டு கீழே சிந்தாது, மெல்லிய புகைபோல நோயாளியின் மேல் போய்ப் படியும். அதில் நோய் போகிறதா, இல்லை பதறிப்போய் நோயாளியே நோயை மறந்துவிடுகிறாரா என்று நயானுக்கே ஒரு சந்தேகம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஐம்பத்தெட்டாவது வயதில், மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவருக்குக் குறுக்கே ஓர் உடும்பு ஓடியது. உடும்பு பிழைத்தது. நயானின் முன்பற்கள் நான்கு பிழைக்கவில்லை.

அதன்பிறகு வந்த முதல் நோயாளி தச்சர் மியோர். இடுப்பில் அக்கி. நயான் வழக்கம்போல ஓதினார், உப்பினார், ஊதினார். தண்ணீர் பல் சந்து வழியாக வழிந்து, மோவாயில் இறங்கி, அவருடைய சட்டையையே நனைத்தது. மியோரின் இடுப்பில் நாலு சொட்டு விழுந்தது.

மியோர் குனிந்து பார்த்தார். "பாக், இது செம்புர் இல்ல. ரெஞ்சிஸ்."

ரெஞ்சிஸ் என்பது கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பன்னீர் தெளிப்பது. நயானுக்குச் சுருக்கென்றது.

"அதுவும் தண்ணிதானேடா?"

"தண்ணிதான். ஆனா எனக்கு எப்பவோ கல்யாணம் ஆயிடுச்சே."

மறுநாள் காப்பிக்கடையில் இதே பேச்சு. நாலு சொட்டுக்கு மேல் விழுந்தால் என்ன பெயர், வாளியால் ஊற்றினால் என்ன பெயர், தும்மினால் எதில் சேர்த்தி என்று பெரிய மனிதர்கள் மேசையைத் தட்டித் தட்டி வாதாடினார்கள். தும்மலில் மட்டும் கட்சி இரண்டாகப் பிரிந்தது. நயான் காப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்தார்.

வீட்டில் மனைவி மக் சோம் காத்திருந்தாள். "மூணு நாளா மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. ஊருல பல்லு விழுந்தவனே இல்லியா? கோழிக்குத் தீனி போட ஆளில்ல, கூரை ஒழுகுது, அய்யாவுக்கு ஊதறதுதான் கவலை! போங்க, போய்ப் பல்லைக் கட்டிக்கிட்டு வாங்க!"

மியோர் பக்கத்து வீட்டு வேலிக்கு மேல் தலையை நீட்டினார். "பாக், பாத்துக்குங்க. இதுதான் செம்புர்."

டவுனில் பல் கட்டும் லிம், ஆடிக்கொண்டிருந்த மற்ற மேல்பற்களையும் பிடுங்கிவிட்டு, மேல்வரிசை முழுவதற்கும் பளபளவென்று ஒரு செட்டு செய்து கொடுத்தார். நயான் தன் தொழிலைச் சொன்னதும் லிம்மின் கை அப்படியே நின்றது.

"பாக், நான் மெல்லறதுக்குப் பல்லு கட்டறவன். பீரங்கி விடறதுக்கெல்லாம் கட்டறதில்ல."

"மெதுவா ஊதிக்கிறேன் லிம்."

"உங்களால மெதுவா ஊத முடியும்னா இங்க ஏன் வந்தீங்க?"

நயான் கொல்லையில் வாத்துகளின் மேல் ஊதிப் பழகினார். பல் அசையவில்லை. வாத்துகள் மட்டும் அவரைக் கண்டாலே ஆற்றுக்கு ஓடின.

அந்த வாரம் ஊர்த்தலைவர் தோக் சிடேக் ஆளனுப்பினார். அவருடைய பேரன், ஏழு மாதக் குழந்தை, மூன்று நாளாகச் சாயங்காலம் ஆனால் வீறிட்டு அழுகிறான். நயான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, மக் சோமையும் கூட்டிக்கொண்டு போனார். கூடம் நிறைய ஆட்கள். குழந்தைக்கு வைத்தியம் பார்க்கிறார் என்பதைவிட, வருவது செம்புரா ரெஞ்சிஸா என்று தெரிந்துகொள்ளத்தான் பாதிப்பேர் வந்திருந்தார்கள். தாயார் யாத்தி குழந்தையை மடியில் வைத்திருந்தாள். எதிரே தோக் சிடேக் ஒரு கிண்ணம் பச்சைப்பயற்றுக் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தார்.

குழந்தை என்பதால் வெற்றிலை இல்லை, வெறும் தண்ணீர்தான். நயான் ஓதினார். கூடம் அடங்கியது. மெதுவாக ஊதுவதாக லிம்மிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் வாசற்படியில் மியோர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து ஊதினார்.

தண்ணீர் புகைபோலவே போனது. அதற்கு முன்னால் பல்செட்டு போனது. குழந்தையின் தலைக்கு மேலே பறந்து, தோக் சிடேக்கின் கிண்ணத்தில் 'பொதுக்' என்று இறங்கியது.

 குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. தோக் சிடேக் கிண்ணத்துக்குள் நெடுநேரம் பார்த்தார்.

"நயான்," என்றார் நிதானமாக, "உன் பல்லு மட்டும் வந்து என் கஞ்சியச் சாப்பிடுதப்பா."

குழந்தை முதலில் சிரித்தது. கெக்கெக்கென்று, கையைக் காலை உதைத்துக்கொண்டு. மக் சோம் அப்போதுதான் ஒரு மடக்குத் தேநீர் குடித்திருந்தாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வாயிலிருந்த அத்தனையும் நயானின் நல்ல சட்டையில் அடித்தது. அதோடு கூடமே உடைந்தது. நயானும் பொக்கை வாயைத் திறந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். முப்பது வருஷத்தில் தான் வைத்தியம் பார்த்த இடத்தில் தானே சிரித்தது அன்றுதான் என்று பிறகு சொன்னார்.

அன்றோடு குழந்தையின் அழுகை நின்றது. சங்கடம் வேறு ரூபத்தில் வந்தது. அடுத்து வந்த நோயாளிகள், "பாக், பல்லும் வருமில்ல?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பக்கத்துக் கம்பத்திலிருந்து ஒருவர் கையோடு கஞ்சியே கொண்டுவந்தார்.

நயான் இரண்டு நாள் யோசித்தார். பிறகு பல்செட்டைக் கழற்றிக் குவளையில் போட்டுவிட்டு, கொல்லையிலிருந்து பப்பாளி இலைக்காம்பு ஒன்றை வெட்டிவந்தார். உள்ளே ஓட்டையான காம்பு. ஒரு நுனியை உதட்டில் இறுக்கிப் பிடித்து ஊதினால், தண்ணீர் பழைய நாளைவிட ஒழுங்காகப் பீய்ச்சியடித்தது. குழல் வைத்து ஊதுவது கணக்கில் சேருமா என்று காப்பிக்கடையில் மறுபடி மேசை தட்டினார்கள். தோக் சிடேக் தீர்ப்புச் சொன்னார்: "நனைஞ்சவன் திட்டினா செம்புர். நன்றி சொன்னா ரெஞ்சிஸ்."

அதற்குப் பிறகு நயான் பதினெட்டு வருஷம் ஊதினார். எல்லாரும் திட்டினார்கள், எல்லாரும் திரும்ப வந்தார்கள். பப்பாளி மரம்தான் பாவம், எந்நேரமும் மொட்டையாக நின்றது.

"இலையே இல்லாம பழம் எப்படிங்க காய்க்கும்?" என்று மக் சோம் சமையலறையிலிருந்து கத்துவாள்.

நயான் காதில் விழாதவர்போல ஏணியை நகர்த்திப் போட்டு, அடுத்த காம்புக்குக் கத்தியை நீட்டுவார்.